இதற்கு நான்கு மால்

முக்கூடல் பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் தொழில்.
கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை, விடுதலை.
கல்யாணம் எழுதியதில்லை.

"எழுதணும்" என்றாள் பிரமாச்சி.
நாற்பத்தாறு வயது. நகக்கண்ணில் பீடித்தூள்.
பக்கத்தில் வேலாயுதபெருமாள்,
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
சட்டைப்பையில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல்
நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து.

கோர்ட்டில் இது நிற்காதும்மா என்றேன்.
"கோர்ட்டுல யாரு நிக்கப் போறா?
வீட்டுல நின்னா போதும்."

பீடி கார்டுக்கு வரும் பி.எஃப். முழுதும்
மகன் உச்சிமாகாளிக்கு.
இருபது வயது, ஆள் வளர்ந்தும் பேச்சு வளராதவன்.
அவன் கைநாட்டை யாரும் எதிலும் வாங்கக் கூடாது.
அப்புறம்,
அவனை 'அது' என்று யாரும் சொல்லப்பிடாது.
விரல் நின்றுவிட்டது.
முப்பது வருஷத்துச் சட்டத் தமிழைக் கிளறிப் பார்த்து
'மேற்படி உச்சிமாகாளியை அஃறிணையில் விளிக்க
எவருக்கும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை'
என்று அடித்தேன்.
படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு தரம்.

முதல் புருஷனைப் பெற்றவள் கூடவே இருப்பாள்.
ராத்திரி அவளுக்குக் கஞ்சி சூடாக வேண்டும்.
ஆடி அமாவாசைக்கு உச்சிமாகாளியை
ஆற்றில் இறக்கி எள்ளும் தண்ணீரும் விடவைப்பது
இரண்டாம் நபர் பொறுப்பு.
செத்தவனுக்கு நானா என்று அவர் கேட்கவில்லை.
"அன்னைக்கு வேலை எடுக்க மாட்டேன், போட்டுக்கிடுங்க" என்றார்.

அவர் மகள் முத்துச்செல்விக்குத் தலைப்பிரசவம்
இந்த வீட்டில்தான்.
பெற்றவள் வந்து பார்க்கலாம், தங்கலாம்.
வந்தால் காப்பி உண்டு. கேள்வி கிடையாது.
இது பிரமாச்சி சொன்னது.
அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உங்களுக்கு ஏதும் உண்டா என்றேன் அவரிடம்.
சர்பத் கடையில் ஐஸ் உடைப்பதையே
வெகுநேரம் பார்த்தார்.
"கதவை உள்தாழ் போடப்பிடாது.
எம்புட்டுச் சண்டைன்னாலும்.
முன்ன ஒரு ராத்திரி, நல்ல மழை..."
அதற்கு மேல் வரவில்லை.
"எங்க வீட்டுக் கதவுக்குத் தாழே கிடையாதுல்லா?"
"இருந்தாலும் எழுதிருங்க."

கைப்பழக்கம் பொல்லாதது.
சொத்து விவரம் என்று தானாக அடித்துவிட்டது விரல்.
அழிக்கப் போனவன் அழிக்கவில்லை.

இதற்கு நான்கு மால்:
மாலை போட்ட படத்துக்குத் தெற்கு,
உச்சிமாகாளி படுக்கிற கட்டிலுக்கு வடக்கு,
பிள்ளைத்தாய்ச்சி வந்து போகும் பாதைக்குக் கிழக்கு,
தாழ் இல்லாத கதவுக்கு மேற்கு.
இதற்குட்பட்டது.
விஸ்தீரணம் எவ்வளவென்று போடத் தெரியவில்லை.
பத்திரத்தில் காலியிடம் விடக் கூடாது.
விட்டேன்.

சாட்சி ஒன்று, அந்தக் கிழவிதான்.
வெயிலில் நின்ற ஆட்டோவிலிருந்து
உச்சிமாகாளி கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தான்.
கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தேன்.
உறவு என்ற இடத்தில் என்ன போட என்று நிமிர்ந்தேன்.
"மாமியார்னு போடு."
யாருக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எழுதுகூலி முந்நூறு. எண்ணி வாங்கினேன்.
இரண்டாவது பிரதிக்குள் பிரிண்டரில் மை தீர்ந்து
அடிவரிகள் வெளிறி வந்தன.
நல்லது அவர்களுக்கு.
வெளிறியது என் மேஜைக்குள் இருக்கிறது.