மூச்சை அடக்குங்க

படம் எப்பிடிக்கா என்று
காலையில் கேட்டாள் புஷ்பலீலா,
ஈய உடுப்பை ஆணியிலிருந்து எடுத்தபடி.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கும்.
படம் எடுத்தாச்சா, படம் தெளிவில்ல,
படம் நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க.
நாகராஜா கோவில் பக்கம் போனால் மூன்றாவதும் உண்டு,
அது பால் குடிக்கும் என்பார்கள்; நான் பார்த்ததில்லை.

நேற்று இரவுக் காட்சி, நாகர்கோவிலில்.
மூன்று மணி நேரம் ஆறு நிமிடம்.
ஒரு நாட்டையே மடித்து வைத்த
சேலைப் பெட்டி மாதிரி படம்.
பிரிக்கப் பிரிக்க இன்னொரு மடிப்பு:
கல்யாணப் பந்தலின் அடியில் ஒரு கடன்பத்திரம்,
பத்திரத்தின் பின்பக்கம் ஒரு தாலாட்டு,
தாலாட்டில் யாரோ ஒரு பீவியின் பேர்.
அந்தப் பேர் எப்படி அங்கே வந்தது என்று
கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் இருந்தவர் குறட்டை விட்டார்.
இடைவேளையில் முட்டை பப்ஸ் ஆறிப்போயிருந்தது.

எப்படி என்று சொல்ல?
நாங்கள் எடுக்கிற படத்தில்
முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும்
ஒரே தாளில் படுத்துக்கொள்ளும்.
நெஞ்செலும்பு, இதயம், முதுகெலும்பு,
எதற்குப் பின்னால் எது என்று
படத்தைக் கேட்டால் தெரியாது.
ஆளைத் திருப்பி நிறுத்தி
இன்னொன்று எடுக்க வேண்டும்.
அந்த டைரக்டர் ஆளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

விளக்கும் யானையும் நிறைய.
ஒருதடவை திரை முழுக்கக் குங்குமம்.
நம்ம நாடுதான், இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் தினம் நாற்பது பேரிடம்
கழுத்தில் கிடப்பதைக் கழற்றுங்க என்று சொல்கிறவளுக்கு
நகை நகையாகத் தெரிவதில்லை.
தாலி, சிலுவை, தாயத்து,
எல்லாம் ஒரே வெள்ளை.
நோயை மறைக்கிற வெள்ளை.

பிறகு அந்த ஒரு காட்சி.
பழைய காலம். சந்தைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை.
எதிரே ஒருவன் குடையோடு வருகிறான்.
தலைச்சுமையோடு ஒருத்தி ஒதுங்கி நிற்கிறாள்.
தோளில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும், அது சட்டம்.
கை தோள்வரை போகிறது.
அங்கேயே நிற்கிறது.
கேமரா அவள் முகத்துக்குப் போகவில்லை,
சுமையில் இருந்த கருப்பட்டியில் ஊரும்
ஓர் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது.
கை இறங்கியபோது
துணி தோளில்தான் இருந்தது.

யாரும் விசிலடிக்கவில்லை.
குறட்டைக்காரர்கூட விழித்துவிட்டார் போல.
பால்கனியில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான்.
அது எந்த ஊர்த் தோள் என்று
யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
தக்கலை, நெய்யூர், கல்குளம்:
பஸ் போர்டில் ஓடும் பெயர்களுக்குள்
அந்த வழக்கு இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அடுத்த காட்சியிலேயே மயில்.
மயில் எதற்கு?
கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே விளக்கை ஏற்றுகிறார்கள்,
வயலின் அழுகிறது,
தன்னைத் தானே மன்னித்துவிட்டு
படம் எழுந்து போயிற்று.
வடசேரியில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கையில்
துப்பட்டாவை ஏனோ இரண்டு தடவை
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதில் ஒன்றையும் லீலாவிடம் சொல்லவில்லை.
கொள்ளாம், பாக்கலாம் என்றேன்.
அதற்குள் முதல் டோக்கன்.
பிரகாசியம்மாள், ஐம்பத்திரண்டு, குளச்சல்,
நாற்பது நாள் இருமல்.
ரவிக்கையைக் கழற்றிவிட்டு
இந்தக் கவுனைப் போட்டுக்கோங்க.
பதினோரு வருஷமாகச் சொல்கிற வாக்கியம்,
பாதியில் நின்றது.
அவள் கதவைப் பார்த்தாள்.
ஆணாளு யாராம் வருவாளா?

தாழ் ஏற்கெனவே போட்டிருந்தது.
எழுந்துபோய்த் திறந்து
மறுபடி போட்டேன்,
சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று.
திரைச்சீலைக்குப் பின்னால் அவள் மாற்றி முடிக்கும்வரை
சுவரில் ஒட்டியிருந்த காசநோய் நோட்டீஸை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

வெளியே வந்தாள்,
கவுனின் கழுத்தைக் கையால் கூட்டிப் பிடித்தபடி.
தாடையை மேலே வையுங்க.
தோளை முன்னால் கொண்டுவாங்க, இன்னும் கொஞ்சம்.
நல்லா இழுங்க.
அடக்குங்க.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.
அவள் மூச்சை விட்டுவிட்டு, முதல் காரியமாகக் கேட்டாள்:
படம் எப்பம் கிட்டும், மக்ளே?