இருபத்தெட்டாம் நாள்

ஆரஞ்சு நிறக் குப்பி.
அழுத்தித் திருகினால்தான் மூடி திறக்கும்,
குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாதாம்.
எங்கள் விடுதியில் யாரும் குழந்தை இல்லை.
மூன்றாம் மாடி முழுக்க
அந்தத் திருகல் சத்தம் தெரியும்.

டுலூத்தில் டிசம்பர்.
ஏரிக்காற்றுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.
பிரிட்டாவுக்கு உண்டு.
"ஹார்லன், ஒன்றே ஒன்று."
அக்டோபரில் ஐந்து டாலர்,
தேர்வு வாரத்தில் பதினைந்து.
நான் ஏற்றவில்லை,
அவர்களே ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிரவு பிரிட்டா
உயிர்வேதியியலைத் திறந்து வைத்துவிட்டு
குளியலறை ஓடுகளின் இடுக்கைப்
பல்துலக்கியால் தேய்த்தாள், விடியும்வரை.
அவ்வளவு வெள்ளையை
கட்டியவர்களே கண்டிருக்க மாட்டார்கள்.
புத்தகம் அதே பக்கத்தில் கிடந்தது.

ஓடெல் பதினெட்டுப் பக்கம் எழுதினான்.
முடித்ததும் என் கையை இழுத்துத்
தன் நெஞ்சில் வைத்தான்.
"எண்ணு."
எண்ண முடியவில்லை.
முகம் கழுவி வந்து
"ஒன்றுமில்லை" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
சட்டைப்பையில் அவன் பதினைந்து டாலரோடு.

ஒன்பது வயதில் எனக்கு எழுதிக் கொடுத்தது இது.
டீச்சர் என் மேசையைச்
சுவர் பார்க்கத் திருப்பிப் போட்ட ஆண்டு.
முதல் மாத்திரை விழுங்கிய காலையில்
ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தில் ஏறி
முற்றுப்புள்ளியில் இறங்கினேன்.
நடுவில் எங்கும் விழவில்லை.
அம்மாவிடம் சொன்னபோது
கார் சாவியைப் பிடித்தபடி அழுதாள்.

வியாழன் காலை குப்பியைக் கவிழ்த்தேன்.
பஞ்சு விழுந்தது.
மருந்துக்கடையில் திருமதி கஸ்லோ
திரையைப் பார்த்தாள்.
"இருபத்தெட்டாம் நாள்தான் தர முடியும்.
இன்று பத்தொன்பது.
தொலைத்துவிட்டாயா?"
ஆமாம் என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.

தேர்வு அறை ஜன்னலுக்குக் கீழே, தூரத்தில்,
ஒரு தாதுக் கப்பல் வந்தது.
அதற்காகப் பாலம் மேலே எழுந்தது.
கப்பலின் துருவை, புகையை,
தளத்தில் நின்ற ஒருவனின் மஞ்சள் கோட்டை,
அவன் எதையோ தேடிக் குனிந்ததை
எல்லாம் பார்த்தேன்.
எவ்வளவு நீளமான கப்பல்.

முன் வரிசையில் மூன்று பேர்
தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
என்னுடைய திங்கள்,
என்னுடைய செவ்வாய்,
என்னுடைய புதன்.

பாலம் இறங்கியபோது பதினொன்றே கால்.
விடைத்தாளில்
என் பெயர் பாதி எழுதியிருந்தது.