மணிக்கட்டு

மாவுக்கட்டை வெட்டி எடுத்த மூன்றாம் நாள்
ஹெத்விகா தன் இடது கையை
யாரோ இரவல் தந்த பொருள்போல
மேல்கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு
யாப்லொனெட்ஸ் நகரின் மேட்டுத்தெருவில் இறங்கினாள்.
மார்ச் மாதம். உருகிய பனி ஓரமாய் ஓடியது.
ஜனவரியில் அவளை வீழ்த்திய படி
அதே இடத்தில்தான் இருந்தது,
ஈரமாக, ஒன்றும் அறியாததுபோல்.

விரலுக்கு வேலை கொடுங்கள் என்றிருந்தார்
பயிற்சி தருகிறவர்.
பட்டாணி பொறுக்கலாம், பொத்தான் பொறுக்கலாம்.
இருபது வருடம் தெருத்தெருவாய்க் கடிதம் போட்டவளுக்கு
பட்டாணிக் கிண்ணத்தின் முன் உட்கார மனமில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒடுங்கிய கடை.
தட்டுத் தட்டாய்ப் படிகமணிகள்.
ஒட்டகார் என்கிற கடைக்காரன்
சளியோடு மல்லுக்கு நின்றான்.
"முதல் வளையமா?"
"முதல்."
"முதலில் வருகிறவர்கள் எல்லாரும்
நீலத்தட்டில் போய் நிற்பார்கள்"
என்றான் இரண்டு தும்மலுக்கு நடுவே.
அவள் நீலத்தட்டில்தான் நின்றிருந்தாள்.

கொஞ்சம் நகர்ந்தாள், வேறெதையோ தேடுகிறவள்போல்.
நாலு மில்லிமீட்டர்: மிளகு. விரலுக்குள் நிற்காது.
எட்டு: நாடக அரங்கின் தொங்குவிளக்கில்
கழன்று விழுந்தது மாதிரி, ஆளை மீறி மின்னும்.
ஆறு போதும்.

அப்புறம் நிறம்.
புகை. தேன். பீர் பாட்டில் பச்சை.
ஒரு தட்டில் நிறமே இல்லை, வெறும் தெளிவு.
சாய்த்தால் மட்டும்
பட்டையின் விளிம்பில் ஊதா, உடனே மஞ்சள்,
ஆறிக்கொண்டிருக்கும் கன்றிப்போன தோல்.
அந்த நிறத்தை அவள் ஏற்கெனவே
கையில் போட்டுப் பார்த்தாயிற்று.
அதையே எடுத்தாள்.

கரண்டி கொடுத்தான். வேண்டாம் என்றாள்.
இடுக்கி கொடுத்தான். அதுவும் வேண்டாம்.
இடது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
ஒரு மணியைப் பிடிக்கப் போகும்,
அது பக்கத்து மணியின் பின்னால் ஒளியும்.
பிடித்தால் நழுவும்.
நழுவினால் தரையில் குதித்து
அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
ஒட்டகார் கடையைச் சாத்த வேண்டியது ஐந்து மணிக்கு.
சுவரில் ஐந்தாகப் பத்து நிமிடம்.
அவள் உள்ளங்கையில் ஒன்பது மணி.
தும்மாமல் இருப்பதே
அவனால் முடிந்த உதவி.

பிறகு நாடாவால் அளந்தான்.
வலது கை பதினாறு சென்டிமீட்டர்.
இடது பதினாலரை:
வெளுத்து, தோல் உரிந்து, மெலிந்து,
நிலவறையில் முளைவிட்ட உருளைக்கிழங்குத் தண்டு.
"எந்தக் கைக்கு?"
"இதுக்கு."
"இது இன்னும் பருக்கும்."
"எப்போது?"
"நான் மணி விற்கிறவன், அம்மா."

இருபத்தைந்து போதும் இன்றைய கைக்கு.
இருபத்தெட்டு வேண்டும் பழைய கைக்கு.
தட்டின்மேல் அவள் விரல்கள்
தபால் பிரிக்கும்போது
முகவரி தெளியாத உறைமேல் நிற்பதுபோல் நின்றன.
இன்னும் மூன்றைப் பொறுக்கினாள்.
மணி ஐந்து பத்து.

கண்ணாடித் துளையின் விளிம்பு
கத்தியாய் இருக்கும், நூலை அறுக்கும்,
இழுநூலை இரட்டையாய்க் கோருங்கள் என்று சொல்லி
கதவைத் திறந்துவிட்டான், வாசலில் நின்று
ஆற அமரத் தும்மினான்.

தமிழில் அந்த இடத்துக்கு
மணிக்கட்டு என்று பேர்.
இதை ஹெத்விகாவிடம் சொல்ல ஆளில்லை.
சமையலறை மேசையில்
முடிச்சின் ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறுமுனையை இடது விரல்களிடம் விட்டாள்.
மூன்று தடவை விட்டுவிட்டன.
நாலாவது தடவை பிடித்தன.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பியபோது
வளையம் இன்னும் தொளதொள.
மேல்வரிசைப் பெட்டிக்குக் கை உயர்த்தினால்
முழங்கைவரை ஓடும்,
இறக்கினால் ஓடி வந்து
தகரமூடியில் கிண்ணென்று தட்டும்.
பதினாலாம் எண் வீட்டு நாய்
அவள் செருப்புச் சத்தத்துக்குக் குரைத்துப் பழகியது.
இப்போது குழம்பிப் போய்
கேட்டருகே தலையைச் சாய்த்து நிற்கிறது.
அடுத்த கிண்ணுக்குக் காத்திருக்கிறது,
குரைக்கலாமா வேண்டாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.