சான்று

ஆயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு, தை மாதம்.
சங்கானையில் எழுதிய சீதன ஓலை:
வயல் மூன்று பரப்பு, பனை பன்னிரண்டு,
தோடு ஒரு சோடி,
கிணற்றில் ஆறிலொரு பங்கு,
சிறை வெள்ளைச்சி, வயது ஒன்பது.

பொம்பிளையை ஏற்றினேன், மாப்பிள்ளையை ஏற்றினேன்.
நாங்கள் இருபத்தாறு பேர், சம்பளமில்லை,
நானூறு வருசத்து ஆட்களைக் கோத்துக்கொண்டிருக்கிறோம்.
ஒஸ்லோவிலிருந்து துவாரகி கைதட்டினா.

வெள்ளைச்சி?
"உறவு" என்று கேட்கிறது திரை.
தாய், தகப்பன், துணை, பிள்ளை:
நாலில் ஒன்றைத் தொட்டால்தான் விடும்.
தொடாமல், கோடில்லாத பெட்டியாக
ஓரத்தில் விட்டேன்.

விடியப் பார்த்தால் ஆளில்லை.
அழித்தவர் ஸ்காபரோ விசாகப்பெருமாள்.
"தம்பி, இது குடும்ப மரம்."
திரும்ப ஏற்றினேன். திரும்ப அழித்தார்.
கரண்ட் இல்லாத இரவுகள் போக
பதினேழு தரம்.

நேற்று
சுழிபுரத்து மேசன் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர்,
அவளுக்குக் கீழே கோடு இழுத்திருக்கிறார்.
மகள் தெய்வி. அவள் மகன் கதிரன்.
அப்படியே இறங்கி இறங்கி
முன்பள்ளிக்குப் போகும் ஒரு வெள்ளைச்சி வரைக்கும்.

சான்று என்ற இடத்தில்:
"எங்கடை மூத்த பொம்பிளைப் பிள்ளையளுக்கு
எப்பவும் இந்தப் பேர்தான்."

விசாகப்பெருமாள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

மேசன் ஒன்று கேட்டிருந்தார்:
"ஒன்பது வயதெண்டால், தாய் ஆர்?
ஓலையில கிடக்கோ?"

படத்தைப் பெருப்பித்து
எழுத்தெழுத்தாய் வாசித்தேன்.
அவள் பெயருக்கு அடுத்த வரி:

கன்றோடு பசு ஒன்று.