சோடா இருபது ரூபாய்

கலால் ஆபீசுக்கு ஏழு நடை.
எட்டாவதில் கையெழுத்து இருந்தது,
முத்திரை இல்லை.

ஷட்டரைத் தூக்கியதும்
பதினாலு மாதம் பூட்டிக் கிடந்த வாடை
என்னை இடித்துக்கொண்டு
கன்னியக்கோயில் ரோட்டில் இறங்கிப் போனது,
பில் கொடுக்காமல்.

ஃப்ரிட்ஜ் செத்திருந்தது.
மூன்றாவது ஃபேன் மட்டும்
எதையும் மறக்கவில்லை:
அதே டக், டக்.

கடன் நோட்டில் இருபத்தாறு பேர்.
நாலு பேருக்கு மாலை போட்டாயிற்று.
துரைக்கண்ணு துபாயில்.
மற்றவர்கள் எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள்,
பாக்கி இருக்கும் பக்கம்
வெயில் அதிகம் போல.

பாலம் தாண்டி வந்த கடலூர்க்காரர்களை
செக்போஸ்டில் ஊதச் சொல்கிறார்களாம்.
அவர்களும் இல்லை.

ஆறு மணிக்கு சாந்தமூர்த்தி வந்தான்.
சுவரோரம், அவன் நாற்காலி.
குவார்ட்டரை எடுக்கக் குனிந்தேன்.
"விட்டுட்டேன்பா. ஈரல்.
ஒரு சோடா குடு."

கிஸ்தி, வாடகை, கரண்ட்,
ஆம்லெட் போடும் பெரியநாயகத்தின் சம்பளம்.
மாதத்துக்கு எத்தனை சோடா என்று
சிகரெட் அட்டையில் வகுத்துக்கொண்டிருந்தேன்.
மீதி வந்துகொண்டே இருந்தது.

"ஃபேனை ஒரு நம்பர் கூட்டேன்" என்றான்,
பதினாலு மாதம் எங்கேயும் போகாதவன் மாதிரி.

கூட்டினேன்.
அட்டை பறந்தது.