வருகைப் பதிவு

திங்கட்கிழமை காலை, நான்காம் வகுப்பு.
லாக்லன் ஆற்றுப் பக்கமிருந்து வந்த உறைபனி
ஜன்னல் கண்ணாடியில் இன்னும் உருகவில்லை.
பதிவேட்டைத் திறந்தேன்.
தெரிந்தே தவறாகக் கூப்பிட்டேன்.

"பித்தளைப் பொத்தான்."
யாரும் பதில் சொல்லவில்லை.
"உன்னைத்தான், காஸ்பர். இனி அதுதான் நீ."
"சோம்பேறி ஜாக். வயது பதினொன்று இருக்கலாம்."
"எனக்கு ஒன்பது, மிஸ்" என்றான் க்வாங்.
பதினொன்று என்றே எழுதினேன்.
இம்மொஜன் பெயர் வாயில் நுழையவில்லை என்று
அவளுக்கு ஒரு எண் கொடுத்தேன்.

சிரித்தார்கள். முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள்.
புதுப் பெயருக்குக் கைதூக்கியவர்களுக்கு
ஆளுக்கொரு துண்டுத் துணி,
பழைய சாம்பல் போர்வையிலிருந்து நான் வெட்டியது.
காஸ்பர் வாங்கிக்கொண்டான்.
இம்மொஜன் அழத் தொடங்கினாள்.

அப்புறம்தான் நகலைக் காட்டினேன்:
ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளின் போர்வைப் பட்டியல்.
குளிர் இறங்கும் முன், ஆண்டுக்கொரு தரம்,
மாஜிஸ்திரேட் வாசலில் வரிசையாய் நிறுத்தி,
தலைக்கு ஒன்று.
வெள்ளையர் வைத்த பெயர். சொந்தப் பெயர்.
உத்தேச வயது. மனைவிகள் எத்தனை.
வழக்கமாய்த் திரியும் இடம்.

"திரியும் இடமா?" என்றான் க்வாங்.
"வீடுன்னு எழுத இடமில்லையா?"
இருந்தது. அந்தக் கட்டத்தில் நிறைய இடம் இருந்தது.

"அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போர்வையே கிடையாதா?"
பாஸம் தோல்களை நரம்பால் தைத்து,
உட்புறம் கோடுகள் கீறி,
பிள்ளை வளர வளர ஒவ்வொரு தோலாய்ச் சேர்ப்பார்கள்.
ஆட்டு மந்தைகள் வந்தன. மரங்கள் விழுந்தன.
மரமில்லாமல் பாஸம் எங்கே தூங்கும்?
மழையில் கம்பளி ஊறிக் கனக்கும் என்று
பட்டியலில் யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசி வரிசையில் டார்னி தோர்ன்பி.
சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.
அவளை மட்டும் நான் மாற்றிக் கூப்பிடவில்லை.
விராஜுரிப் பிள்ளை, அவளோடு இந்த விளையாட்டு வேண்டாம் என்று
முந்தின இரவே முடிவு செய்திருந்தேன்.
அதைக் கருணை என்றும் நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் மேசையருகே வந்தாள்.
"எல்லாரையும் தப்பாக் கூப்பிட்டீங்க.
என்னை மட்டும் எப்பவும் போலக் கூப்பிட்டீங்க."
"அது உன் பெயர்தானே, டார்னி?"
"டார்னி என் பேரு.
தோர்ன்பி அந்தப் பண்ணைக்காரர் பேரு, மிஸ்."

தோர்ன்பி தெரு. தோர்ன்பி மைதானம்.
எட்டு வருடமாய் அந்தத் தெருவில்தான் காரை நிறுத்துகிறேன்.
இந்த வருடம் காலைதோறும் அந்தப் பெயரை
உரக்க வாசித்திருக்கிறேன்,
பிசகாத உச்சரிப்போடு.

கத்தரிக்கோல்களை எண்ணி அலமாரியில் வைத்தேன்.
துணித் துண்டுகளில் ஒன்று குறைந்தது.
காஸ்பர் பையில் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை.
பதிவேட்டில் அவள் வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.
நான் வாய் திறக்கும் முன்
"இருக்கேன்" என்றாள் டார்னி,
தலை நிமிராமல்,
பென்சில் சீவிக்கொண்டே.