சில மேம்பாடுகள்

ஒடுகத்தூர் பால் சொசைட்டியில்
செவ்வாய் ராத்திரி தானாகவே மாறிக்கொண்டது
கொழுப்பு அளக்கும் மெஷின்.
விடிந்ததும் திரையில் ஒரே வரி:
சில பிழைகள் திருத்தப்பட்டன, சில மேம்பாடுகள்.

எந்தப் பிழை?
யாருக்கு மேம்பாடு?

கன்னியப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மாடு அதேதான், புண்ணாக்கும் அதேதான்,
நேத்து நாலு மூணு, இன்னிக்கு நாலு ரெண்டு.
கொழுப்பு மட்டும் எங்க பூட்ச்சி மேடம்?
நான் தண்ணி கலந்தேன்றியா?"

நான் சொல்லவில்லை.
பின்னால் நின்ற வரிசை சொன்னது, கண்ணால்.

மூன்று நாள் தேடினேன்.
அமைப்புகள், அதற்குள் உதவி, அதற்குள் மற்றவை,
அதற்குள் கடவுச்சொல் கேட்கும் கதவு.
கம்பெனி நம்பரில் வீணை வாசித்தார்கள்.
கடைசியில் ஒரு பையன், கொட்டாவியோடு:
"ஓ, அதுவா? முன்னாடி நாலு புள்ளி ரெண்டு அஞ்சை
நாலு மூணா ஏத்துவோம்.
இப்ப அந்த அஞ்சை வெட்டிடறோம்."

அதுவா.

சாக்பீஸ் எடுத்தேன்.
கேன் வைக்கும் மேடைக்கு நேர் எதிரே,
விலைப்பட்டியலுக்கும் மேலே:

புதன் முதல் மெஷின்
இரண்டாவது தசமத்தை விட்டுவிடுகிறது.
முன்பு கூட்டியது.
உங்கள் பல் மாறவில்லை.
பழைய கணக்கே கேட்டு எழுதியிருக்கிறேன்.
அ. தனபாக்கியம், செயலாளர்

கன்னியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார்,
வரிசை முழுக்கக் கேட்கும்படி.
நாலாவது வரியில் நின்றார்.
"மேடம், பாலுக்குக் கால் போடல."

கால் போட்டேன்.
அடியில், சின்ன எழுத்தில் இல்லை,
அதே அளவில் எழுதினேன்:
'பல்' என்றிருந்தது 'பால்' என்று திருத்தப்பட்டது.
சொன்னவர் கன்னியப்பன்.
வெள்ளி, காலை ஆறு பத்து.